0–5 என்றால் படுதோல்வியா? பாரிஸ் குத்துச்சண்டையின் கணக்கு

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைக்கு இந்தியா ஆறு பேரை அனுப்பியது. ஒரு பதக்கம்கூட வரவில்லை. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி வரை எந்த டீக்கடையில் பேச்செடுத்தாலும் இன்றைக்கும் ஒரே தீர்ப்புதான்: "பஞ்ச்சுல வெயிட்டே இல்லப்பா."

இந்த ஏரியாவுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதிய இடம் இது. 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று போஸ்டர் ஒட்டிய காலத்தில், ஆள் விழுந்தானா இல்லையா என்பதுதான் கேள்வி. ஒலிம்பிக் ஆட்டத்தை அந்தக் கண்ணால் பார்த்தால் பாதி தப்பாகத்தான் தெரியும்.

முதலில் ஸ்கோர். ரிங்கைச் சுற்றி ஐந்து ஜட்ஜ். மூன்று நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிஷம் இடைவேளை. ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் முழுக்க அமுக்கிவிட்டால் 10–8. ரவுண்டைச் சமமாக விட முடியாது, யாராவது ஒருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மூன்று ரவுண்டும் முடிந்ததும் ஒவ்வொரு ஜட்ஜின் அட்டையிலும் யார் முன்னால் இருக்கிறார் என்று பார்ப்பார்கள். டிவியில் வரும் 4–1, 0–5 எல்லாம் எத்தனை ஜட்ஜ் யார் பக்கம் என்ற எண்ணிக்கை. அவை வாங்கிய புள்ளிகள் கிடையாது.

ஐந்து ஜட்ஜும் இரண்டு ரவுண்டை எதிராளிக்கும் ஒன்றை நம்மவருக்கும் கொடுத்தால், ஐந்து அட்டையிலும் 29–28 என்றுதான் இருக்கும். ஒரே ஒரு ரவுண்டு வித்தியாசம். டிவியில் 0–5 என்று விழும், அடுத்த நாள் பேப்பரில் 'படுதோல்வி' என்று வரும். மூன்று ரவுண்டும் போய் 30–27 என்று ஐந்து அட்டையிலும் இருந்தாலும் அதே 0–5தான். எது நடந்தது என்று தெரிய ரவுண்டு வாரி அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

குத்து எது செல்லும் என்பது அடுத்தது. மூடிய கிளவுஸின் முட்டிப் பக்கம், முகத்தின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ, இல்லை பெல்ட்டுக்கு மேலே உடம்பிலோ, தடையில்லாமல் விழ வேண்டும். தடுக்க உயர்த்திய கை (கார்டு) மேல் விழுந்த ஹூக், அதாவது வளைத்தடிக்கும் குத்து, எவ்வளவு சத்தம் போட்டாலும் கணக்கில் இல்லை. உள்ளங்கைப் பக்கம் பட்டால் அது அறை. டீக்கடையில் "ஆ!" என்று கத்த வைக்கும் சுழற்றியடிகளில் பெரும்பாலானவை கையிலும் தோளிலும்தான் விழும். எதிராளி முன்கையால் நேராகப் போடும் சின்ன ஜாப் மூக்கில் நேராகப் போய் உட்காரும். கூட்டம் அதைக் கவனிக்காது, ஜட்ஜ் கவனிப்பார். ஒருவர் விழுந்து எட்டு வரை கவுண்ட் எடுத்தாலும், அதற்காகவே ஒரு புள்ளி தானாகக் குறையாது. ரெஃபரி வார்னிங் கொடுத்தால் மட்டும் எல்லா அட்டையிலும் ஒரு புள்ளி போய்விடும். பிடித்துக்கொண்டே நிற்பது, தலையைத் தாழ்த்தி முட்டுவது, இந்த இரண்டும் அதற்கு வழக்கமான காரணங்கள்.

இப்போது ஆறு பேரையும் பாருங்கள். நிகத் ஜரீன் 50 கிலோ: சீனாவின் வூ யூவிடம் 0–5. வூ யூ தங்கம் வாங்கினார். லவ்லினா போர்கோஹெய்ன் 75 கிலோ: காலிறுதியில் லீ சியானிடம் 1–4. லீ சியானுக்கும் தங்கம். நிஷாந்த் தேவ் 71 கிலோ: காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்தேவிடம் 1–4. வெர்தே வெள்ளி. ஜாஸ்மின் லம்போரியா 57 கிலோ: முதல் ஆட்டத்திலேயே பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெத்தேசியோவிடம் 0–5. டோக்கியோவில் வெள்ளி வாங்கியிருந்த பெத்தேசியோ பாரிஸில் வெண்கலம் வாங்கினார். ஆறு பேரில் நாலு பேரை வீழ்த்தியவர்கள் பதக்க மேடை ஏறியவர்கள். ப்ரீத்தி பவார் 54 கிலோவில் கொலம்பியாவின் யேனி அரியாஸிடம் 2–3 என்று தோற்றார். ஒரு ஜட்ஜ் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

என்னைக் கேட்டால், இதில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது அமித் பங்கலின் ஆட்டம்தான். 51 கிலோவில் ஜாம்பியாவின் பேட்ரிக் சின்யெம்பாவிடம் 1–4. இதே சின்யெம்பாவை 2022 பர்மிங்காம் காமன்வெல்த் அரையிறுதியில் தோற்கடித்துத்தான் அமித் தங்கத்துக்குப் போனார். தெரிந்த ஆள், தெரிந்த ஸ்டைல். அதற்கு டிராவை, அதாவது யாருக்கு யார் என்று ஜோடி சேர்க்கும் குலுக்கலை, குறை சொல்ல முடியாது.

நிகத் கதை வேறு. 2022, 2023 இரண்டு வருடமும் உலக சாம்பியன். ஆனாலும் பாரிஸில் அவருக்கு சீடிங் இல்லை. பலமானவர்கள் ஆரம்பத்திலேயே மோதாமல் பிரித்து வைக்கும் வரிசை அது. அந்த உலகப் போட்டிகளை நடத்திய ஐபிஏ என்ற சர்வதேச குத்துச்சண்டை அமைப்பின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி 2023இல் பறித்துவிட்டது. பாரிஸ் போட்டியைக் கமிட்டியே நடத்தியது, அதனால் அந்த உலகப் பட்டங்கள் சீடிங்குக்கு உதவவில்லை. சீடிங் இல்லாதவர் பெயர் குலுக்கலில் எங்கே வேண்டுமானாலும் விழும். இரண்டாவது ஆட்டத்திலேயே முதல் சீடு வூ யூ எதிரே வந்தது அப்படித்தான். இறுதியில் சந்தித்திருந்தால் தோற்றாலும் வெள்ளி.

இன்னொன்று, டிக்கெட் கிடைத்த தேதி. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நாலு பெண்கள் ஒலிம்பிக் இடம் பிடித்தார்கள். அதில் 57 கிலோ இடம் பறிபோனது. அதைப் பிடித்திருந்த பர்வீன் ஹூடா ஊக்கமருந்து எதுவும் எடுத்ததாகப் பிடிபடவில்லை. தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று டெஸ்ட் எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் தடை. அங்கேதான் மாட்டினார். காம்ப்புக்குப் போகும்போது, ஊருக்குத் திரும்பும்போது பதிவை மாற்ற மறப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. 2024 மார்ச்சில் இத்தாலியில் நடந்த தகுதிச் சுற்றில் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. நிஷாந்த், அமித், ஜாஸ்மின் மூவரும் பாங்காக்கில் கடைசி வாய்ப்பில் தப்பித்தார்கள். அது முடிந்தது ஜூன் 2. பாரிஸில் மணி அடித்தது ஜூலை 27. எட்டு வாரம்கூட இல்லை. எடையைக் குறைத்து, உச்சத்துக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏற அந்த நாள் போதாது. மூன்றாவது ரவுண்டில் கால் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். முதல் ரவுண்டை எடுத்த நிஷாந்த் போகப் போகத் தளர்ந்தது கண்ணெதிரே தெரிந்தது.

எடை பற்றி நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை. புரொஃபஷனலில் முந்தின நாள் எடை காட்டிவிட்டு ராத்திரி சாப்பிட்டு ஏறலாம். இங்கே ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு நாள் காலையும் மெஷினில் ஏற வேண்டும். ஐந்து கிலோவைத் தண்ணியாக இறக்குகிறவன் முதல் ஆட்டம் சமாளிப்பான், மூன்றாவது ஆட்டத்தில் காலி. தினமும் ஒரே மெஷினில், காலையில் தண்ணி குடிக்கும் முன் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பார்த்து எடை சொல்லும் வேலை ஆகாது.

வீட்டில் ஸ்கோர் போட்டுப் பழகுவது எளிது. மூன்று பேர் உட்காருங்கள், ஒருவர் பேப்பரை ஒருவர் பார்க்கக் கூடாது. டிவி சத்தத்தை அணையுங்கள். கமெண்ட்ரி ஒரு பக்கம் இழுக்கும். சுத்தமாக விழுந்த குத்துக்கு மட்டும் அவரவர் பக்கத்தில் ஒரு கோடு. மணி அடித்ததும் பத்து செகண்டுக்குள் 10–9 எழுதிவிட வேண்டும், யோசிக்க ஆரம்பித்தால் கடைசி முப்பது செகண்டு மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். பிறகு ஸ்க்ரீனில் வரும் ஜட்ஜ் மார்க்கோடு ஒத்துப் பாருங்கள். அந்த மார்க் கார்னரில் நிற்கும் கோச்சுக்கும் தெரியும். இரண்டு ரவுண்டு ஐந்து அட்டையிலும் போய்விட்டால், கடைசி ரவுண்டில் 10–9 எடுத்துப் புண்ணியமில்லை. 28–28 என்று சமமாக வரவே 10–8 வேண்டும், இல்லை எதிராளி வார்னிங் வாங்க வேண்டும். நேராக ஜெயிக்க நாக்அவுட்தான். அதனால்தான் முதல் ரவுண்டில் "ஆளை அளந்து பார்க்கிறேன்" என்று சும்மா சுற்றுவது இந்த ஆட்டத்துக்கு ஆகவே ஆகாது. பதினைந்து ரவுண்டு ஆட்டத்துப் பழக்கம் அது.

பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே 0–5 வாங்கிய ஜாஸ்மின், 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலகப் போட்டியின் இறுதியில் போலந்தின் யூலியா ஷெரெமேத்தாவை 4–1 என்று வென்று 57 கிலோவில் தங்கம் வாங்கினார். ஷெரெமேத்தா பாரிஸில் இதே எடையில் வெள்ளி வாங்கியவர். அதே லிவர்பூலில் மீனாட்சி ஹூடாவுக்கு 48 கிலோவில் தங்கம், நூபுர் ஷியோரானுக்கு 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி, பூஜா ராணிக்கு 80 கிலோவில் வெண்கலம். இந்த மூன்று எடையும் ஒலிம்பிக்கில் இல்லை. அவர்கள் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போக வேண்டுமானால் ஒருவர் ஏற வேண்டும், இரண்டு பேர் இறங்க வேண்டும்.