சிங்க்கில் விழும் தண்ணீரும் ஒரு கேள்வி நோட்டும்

நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓடுகின்றன என்று யாரிடமாவது சொன்னால், "புதுசா ஏதாவது கத்துக்கோ, எங்கேயாவது போயிட்டு வா" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வேலை, வீடு, மறுபடி வேலை என்றிருக்கிற வாழ்க்கையில் அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் எதிர்த்திசையில் ஒன்றைத் தொடங்கினேன். புதிதாக எதையும் சேர்க்கப்போவதில்லை. தினமும் கைபடும் பொருட்களையே எடுத்துக்கொண்டு, அவை எப்படி வேலை செய்கின்றன என்று எழுதிப் பார்ப்பது. சில மாதங்களாக நடக்கிறது. எது பலன் தந்தது, எது தரவில்லை, இப்போது எங்கே வந்து நிற்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முறை எளிதுதான். ஒரு நோட்டு, பக்கத்துக்கு ஒரு பொருள். எங்கேயும் தேடாமல், யாரையும் கேட்காமல், அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் பேனா நின்றுவிடும். அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, எதனால் நின்றது என்று ஒரு கேள்வி. அப்புறம் கையால் ஏதாவது செய்து பார்க்க முடியுமா என்று யோசிப்பேன். படிப்பது கடைசியில்தான்.

முதல் பக்கம், தோளில் மாட்டும் பையின் ஜிப். "இழுத்தால் இரண்டு பக்கப் பற்களும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்" என்ற வரியோடு பேனா நின்றது. எப்படி மாட்டிக்கொள்கின்றன? பூட்டிய பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அசையாதது, அதே ஜிப்பைக் கீழே இறக்கினால் மட்டும் எப்படிச் சுலபமாகப் பிரிகிறது? ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி. இரண்டு வரிசைகளும் நேருக்கு நேர் இல்லாமல் அரைப் பல் தள்ளி நிற்கின்றன. நாம் இழுக்கிற துண்டுக்குள், இரண்டாகப் பிரிந்திருக்கும் வழி ஒன்றாகச் சேர்கிறது. மேலே போகும்போது பற்கள் சாய்வாக உள்ளே வந்து, ஒன்றின் மேடு அடுத்ததன் குழியில் உட்கார்கிறது. கீழே வரும்போது நடுவில் இருக்கும் ஆப்பு அதே சாய்வில் அவற்றைப் பிரிக்கிறது. பூட்டிய வரிசையில் சாய்வதற்கு இடமே கிடையாது, அதனால் நேராக இழுத்தால் வராது. இத்தனை வருடம் நாளுக்குப் பத்து தடவை தொட்ட ஒரு பொருளை அன்றுதான் பார்த்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்வதல்ல. 2002-ல் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற ஆய்வாளர்கள் இதையே சோதனையாக நடத்தினார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறை ஃப்ளஷ் போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது உங்களுக்கு எந்த அளவுக்குப் புரியும் என்று மக்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லி, மறுபடி மதிப்பெண் போடச் சொன்னார்கள். எழுதிப் பார்த்த பிறகு மதிப்பெண் இறங்கிவிட்டது. தினமும் பார்க்கிறோம் என்பதையே புரிந்துகொண்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. அலுப்பில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். தெரிந்துவிட்டது என்று நினைத்த பொருளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆர்வம் எப்போது கிளர்கிறது என்பதற்கு ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண்ணில் படும்போதுதான் அது வருகிறதாம். நோட்டில் நான் போடும் கோடு அந்த இடைவெளிதான். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளி எங்கே என்பதே தெரியாது. அதனால்தான் கொஞ்சம் பழகிய பொருளிலிருந்து தொடங்குவது நல்லது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். தூரத்து அதிசயங்களைக் காட்டும் காணொளிகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வாய் பிளக்கிறோம், அணைத்தபின் கையில் ஒரு கேள்விகூடத் தங்குவதில்லை.

நோட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டது சிங்க். பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. சலிப்பான வேலைகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தேன். குழாயைக் குறைவாகத் திறந்தால், தண்ணீர்க் கம்பி மேலே தடியாகவும் கீழே போகப்போக ஒல்லியாகவும் இருக்கும். ஏன்? இதை யோசித்தே கண்டுபிடிக்க முடிந்தது. விழ விழத் தண்ணீருக்கு வேகம் கூடுகிறது. ஒரு நொடிக்கு மேலே எவ்வளவு தண்ணீர் கடக்கிறதோ அவ்வளவுதான் கீழேயும் கடக்க முடியும். வேகம் கூடினால் தடிமன் குறைந்தாக வேண்டும். இன்னும் கீழே போனால் அந்தக் கம்பி அறுந்து துளிகளாகிறது. அதைச் செய்வது பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேல்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் இழுப்பு. விடை பிடிபட்டபோது கையில் நுரையோடு நின்றபடியே சிரித்துவிட்டேன்.

அடுத்த கேள்வி அந்தத் தண்ணீர் விழும் இடத்தில். தட்டையான பரப்பில் விழுந்ததும் தண்ணீர் மெல்லிய தகடாகப் பரவுகிறது. கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று ஒரு வட்ட வளையம். அதற்கு வெளியே தண்ணீர் தடித்து, மெதுவாக ஓடுகிறது. குழாயைத் திருகினால் வளையம் விரிகிறது, மூடினால் சுருங்குகிறது. ஏன் படிப்படியாகத் தடிக்காமல் ஒரே இடத்தில் எகிற வேண்டும்? அங்கே கோடு போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் அப்படியே விட்டேன். ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது அம்மா வந்தாள்.

"என்னடா, இன்னுமா கழுவி முடியல?"

"இந்த வளையத்தைப் பாரும்மா. ஏன் இப்படி வருது?"

"இது எப்பவும் வர்றதுதான். தட்டைக் கவுத்து அது மேல விடு, இன்னும் அழகா வரும்."

அப்படியே வந்தது. சிங்க்கின் சாய்வில் கோணலாக இருந்த வளையம், கவிழ்த்த தட்டின் மேல் சுத்தமான வட்டமாக நின்றது. அம்மா இதை எத்தனை காலமாகக் கவனித்து வைத்திருந்தாளோ! யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நோட்டால் கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: வீட்டில் இருப்பவர்களின் கண்களில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது தெரிய வந்தது.

தட்டின் மேல் ஒரு ஊசியை நுனியால் தண்ணீரில் தொட்டேன். வளையத்துக்கு உள்ளே தொட்டால், ஊசிக்குப் பின்னால் மட்டும் ஆப்பு வடிவில் அலை கிளம்புகிறது. விழும் இடத்தை நோக்கி அது ஏறுவதே இல்லை. உள்ளே தண்ணீர் அலையைவிட வேகமாக ஓடுகிறது, அதனால் எந்த அலையும் எதிரே போக முடியாது. வெளியே தண்ணீர் அலையைவிட மெதுவாக ஓடுகிறது. அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருக்கும் எல்லைதான் வளையம். பொறியியலில் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்கிறார்கள். அணைகளின் கீழே, பாய்ந்து வரும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்க இதே எகிறலைத்தான் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்.

கடைசியாகப் படிக்கப் போனால் கதை இன்னும் முடியவில்லை! 1914-ல் ராலே பிரபு என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் இந்த எகிறலைப் பற்றி எழுதினார். ஈர்ப்பு விசையை வைத்து விளக்குவதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2018-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், சிங்க்கில் காணும் மெல்லிய வளையத்துக்கு ஈர்ப்பு காரணமல்ல, பரப்பு இழுவிசைதான் என்று வாதிட்டார்கள். சுவரில் பாய்ச்சினாலும், கீழிருந்து மேலே பாய்ச்சினாலும் வளையம் அதே அளவில் தொடங்குகிறது என்பது அவர்கள் காட்டிய சான்று. வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்து எழுதினார்கள். தினமும் நான் எச்சில் தட்டு கழுவுகிற இடத்தில், இயற்பியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகாத ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. இதைவிட வேறென்ன உற்சாகம் வேண்டும்?

ராலேயைத் தேடிப் போன வழியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணியைத் தெரிந்துகொண்டேன். 1862-ல் பிறந்தவர். பெண்களைப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத காலம். நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த தண்ணீரின் பரப்பு, சுத்தமான தண்ணீரின் பரப்பு மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைக் கவனித்து, தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு பட்டையை வைத்துப் பரப்பைச் சுருக்கியும் விரித்தும் அளந்தார். 1891-ல் அதையெல்லாம் ராலேக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, அதே ஆண்டு அச்சாயிற்று. பாக்கெல்ஸ் அமைத்த தொட்டியின் வழியில் பின்னாளில் வேலை செய்த அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், பரப்பு வேதியியலுக்காக 1932-ல் நோபல் பரிசு பெற்றார். பாக்கெல்ஸைப் பற்றிப் படித்த பிறகு, "எனக்கு வாய்ப்பில்லை" என்று நான் சொல்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவர் செய்ததைச் சின்ன அளவில் நானும் செய்தேன். ஒரு தட்டில் தண்ணீர், மேலே முகப்பவுடர் தூவி, ஓரத்தில் சோப்பு நுனியைத் தொட்டால் பவுடர் மறுகரைக்கு ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முறை செய்து பார்த்தார்கள்.

வெளியே செய்தவற்றில் நிலா நன்றாக அமைந்தது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. மாலை நடையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்த்தால், வளர்பிறை நாட்களில் நிலா அன்றாடம் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளி நிற்கும். அதனால்தான் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. நடை அதே நடைதான், ஆனால் இப்போது ஒரு காரணத்தோடு கிளம்புகிறேன். மெழுகுவர்த்தியையும் எடுத்தேன், அணைத்ததும் எழும் வெண்புகையில் நெருப்பைக் காட்டினால் சுடர் திரிக்குத் தாவுகிறது, எரிவது மெழுகின் ஆவிதான் என்பது அப்போது தெரியும். இந்த ஒரு மெழுகுவர்த்தியை வைத்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார்.

முறையில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். தினம் ஒரு கேள்வி என்றுதான் முதலில் வைத்திருந்தேன். அது வீட்டுப்பாடமாகிவிட்டது, பக்கம் நிரம்பியது, ஆர்வம் நிரம்பவில்லை. இப்போது கணக்கே இல்லை. ஒரு கேள்வி வாரக்கணக்கில் திறந்தே கிடக்கலாம். உடனே போனில் தேடாமல் இருப்பது ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, ஆனால் அந்தக் காத்திருப்புக்கே பலன் உண்டு என்று நினைக்கிறேன். 2014-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கேள்வி கேட்டுவிட்டு, விடை வருமுன் சில நொடிகள் நடுவில் ஒரு முகத்தைக் காட்டினார்கள். விடை தெரிய ஆவலாக இருந்தபோது காட்டிய முகங்கள், ஆவல் இல்லாதபோது காட்டியவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. முகத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே கிடையாது. திறந்த கேள்வி மனதில் இருக்கும்போது சுற்றியிருப்பதும் சேர்ந்து பதிகிறது. என் அனுபவமும் அதுதான்: வளையம் புரியாமல் இருந்த நாட்களில் நடந்த மற்ற விஷயங்களும் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கின்றன.

எல்லா நாளும் இது நடப்பதில்லை. உடம்பு அசந்த நாளில் எந்தக் கேள்வியும் எழாது. அன்று தூங்குவதுதான் சரி, நோட்டைத் திறப்பதில்லை. வேலையில் இருக்கும் நிஜமான சிக்கல்களையும் இது தீர்க்காது. நாளின் நடுவில் வெற்றாகக் கிடந்த நேரங்களுக்கு, வரிசையில் நிற்பது, கழுவுவது, நடப்பது, இவற்றுக்கு ஓர் உயிர் வந்திருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது நிழல் வேலை. ஜன்னல் கம்பியில் சின்ன ஓட்டை போட்ட அட்டை ஒன்றை ஒட்டி, வாரம் ஒருமுறை, கடிகாரத்தில் அதே நேரத்தில், தரையில் விழும் ஒளிப்புள்ளியைக் குறிக்கிறேன். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை நீள்வட்டம் என்பதாலும், சூரியன் காட்டும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தைவிட 16 நிமிடம்வரை முந்தும், பிப்ரவரியில் 14 நிமிடம்வரை பிந்தும். ஒரு வருடம் முழுக்கக் குறித்தால் புள்ளிகள் 8 மாதிரி ஓர் உருவத்தைத் தர வேண்டும். இதுவரை ஒரு வளைவு வந்திருக்கிறது. தரையைத் துடைக்கும்போது குறிகள் அழியாமல் இருக்கப் பென்சிலை விட்டு ஒட்டுத்தாளுக்கு மாறியிருக்கிறேன்.

அம்மா போன வாரம் அவளே ஒரு கேள்வி கொடுத்தாள்: "சோப்பு பச்சையா இருந்தாலும் நீலமா இருந்தாலும் நுரை மட்டும் ஏண்டா வெள்ளையாவே வருது?" பக்கத்தைத் தொடங்கிவிட்டேன். நுரை என்பது நிறையக் குமிழிகள், ஒவ்வொரு குமிழியின் சுவரும் மிக மெல்லியது, அதில் இருக்கும் சாயம் மிகக் கொஞ்சம் என்பது வரை எழுதியாயிற்று. சாயம் தெரியாததற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் அப்படியானால் நுரை கண்ணாடி மாதிரி அல்லவா இருக்க வேண்டும், வெள்ளை எங்கிருந்து வந்தது? அங்கே கோடு போட்டிருக்கிறேன். நாளைக்கு நீலச் சோப்பைக் கரைத்து, ஒற்றைக் குமிழியையும் நுரைக் குவியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அம்மாவும் வருகிறாள்.