டிக்டேஷனில் விட்ட வார்த்தைகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மகனின் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "பையன் கெட்டிக்காரன்தாங்க. ஆனா காலையிலயே தூங்கி வழியறான், டிக்டேஷன்ல பாதி வார்த்தையைக் காணோம்." வீட்டுக்கு வந்து அவனைத்தான் திட்டினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பாவம்.

காரைக்குடியில் எங்களுடையது பழைய வளவு வீடு. பாதி அறைகளை விசேஷத்துக்குத்தான் திறப்போம். அவனுக்கு வருஷம் முழுக்கத் தும்மல். சளிதானே என்று மருந்துக்கடையில் சிரப் வாங்கி இரவில் கொடுப்பேன். குடித்ததும் தூங்கிவிடுவான், அதனால் நல்ல மருந்து என்றே நினைத்திருந்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தபோது அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார். அந்தப் புகையில் இன்னும் நாலு தும்மல்.

காது மூக்கு தொண்டை டாக்டர் அவன் மூக்கின் குறுக்கே இருந்த மெல்லிய கோட்டைக் காட்டினார். உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்தே விழுந்ததாம். சளி இல்லை, மூக்கு அலர்ஜியாம். மூக்கடைப்பால் ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகிறது. சிரப்பில் இருந்த குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்தின் தூக்க மயக்கம் மறுநாள் காலை வரை நீள்கிறது. காதைச் சோதித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர். தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் அவனுக்கு டீச்சர் குரல் கேட்டிருக்கும்.

எதனால் அலர்ஜி என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு மதுரை போனோம். முந்தின நாள் சிரப் கொடுத்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலர்ஜி மருந்தை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டுமாம். நேரம் வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் பஸ் பயணம் வீண். இரண்டாம் தடவை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்தினார்கள். 15 நிமிடத்தில் தூசிப்பூச்சி (படுக்கைத் தூசியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) சொட்டு வைத்த இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்றதும் பயந்தேன். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு, உயரத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இடது மூக்குக்கு வலது கை, ஸ்ப்ரே நுனி மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் சாய வேண்டும். இது பிடிபடவே நாலு நாள் ஆனது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்தியே இருப்பேன். இரண்டாம் வாரம்தான் வாயை மூடித் தூங்கினான். காது சரியாவதற்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை டீச்சர் முன்பெஞ்சில் உட்கார வைத்தார்.

படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்கிறேன். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை எறிய மட்டும் அப்பத்தா விடவில்லை, தன் கட்டிலுக்கு எடுத்துப் போய்விட்டார். கதை கேட்கப் போனவன் அங்கேயே தூங்கிவிட்டால் மறுநாள் காலை பட்டாசாலைக் கூடம் முழுக்கத் தும்மல் சத்தம்தான்.