அரியர் கிளியர் ஆன கதை: சுற்றுச்சூழல் பொருளியல்

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.ஏ. பொருளியலில் எனக்கிருந்த கடைசி அரியர், 75-க்கு 58. போன தடவை 29. நெஞ்சுக்குள் கிடந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

போன தடவை என்னைக் கவிழ்த்தது கட்டுரைக் கேள்விதான்: உலகமயமாதலும் நுகர்வுக் கலாசாரமும் ஆற்றல் பயன்பாட்டை எப்படி மாற்றின? 1991, தாராளமயம், தனியார்மயம் என்று நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். கரண்ட் என்ற பேச்சே கடைசிப் பக்கத்தில்தான் வந்தது.

இந்தத் தடவை மதுரை ஆனையூர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மீட்டர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஏசி வாங்குவதற்கு முன்னால் இரண்டு மாசத்துக்கு 190 யூனிட், வாங்கிய வருஷம் கோடையில் 540. 500-ஐத் தாண்டியதும் கட்டணம் எகிற, அப்பா ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏன் வாங்கினோம்? தவணையில் கிடைத்தது, பக்கத்து வீட்டில் மாட்டிவிட்டார்கள், மொட்டை மாடிச் சூடு ராத்திரியிலும் இறங்கவில்லை. மூன்றையும் அப்படியே பேப்பரில் எழுதினேன். விளக்குத்தூண் பக்கம் திறந்த வாசலும் மின்விசிறியுமாக இருந்த ஜவுளிக்கடைகள் கண்ணாடியும் ஏசியுமாக மாறியதையும் சேர்த்தேன்.

அப்புறம், நிறையப் பேர் விட்டுவிடுகிற இடம் இது: நாம் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே செலவாகிவிட்ட ஆற்றல். ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. நிலக்கரி எரிவது சீனாவில், புகை ஏறுவது அந்த நாட்டுக் கணக்கில், போன் விற்பது நம்ம டவுன்ஹால் ரோட்டில். இதை அம்புக்குறி போட்டுப் படமாக வரைந்தேன். மார்க் இதில்தான் விழுந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கட்டாயம் எழுத வேண்டியவை:
- பொருளியலாளர் ஜெவன்ஸ் சொன்ன முரண், 1865. நீராவி இயந்திரம் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு கூடியது. எல்இடி மலிவானதும் வீட்டுக்கு வீடு விளக்கு கூடியதை உதாரணம் காட்டுங்கள்.
- மின்சாதனம் எவ்வளவு சிக்கனம் என்று காட்டும் நட்சத்திரக் குறியீடு, 2006. புது ஏசியைப் போட்டதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி, 2020.
- எதிர்ப்பக்கம்: கமுதி சூரிய மின்நிலையம், 648 மெகாவாட். சோலார் பலகை விலை சரிந்ததும் இதே உலகச் சந்தையால்தான்.

வரையறைக்கு இரண்டு வரி போதும். மனப்பாடம் நன்றாக வருகிறவர்களுக்கு வேறு வழி இருக்கலாம், எனக்குக் கண்ணால் பார்த்தது மட்டும்தான் பரீட்சை ஹாலில் ஞாபகம் வரும். அட்டை தொலைந்துபோனவர்கள் செல்போனுக்கு வந்த பழைய கரண்ட் பில் மெசேஜ்களைத் தேடி எடுங்கள், ஆறு பில் இருந்தால் ஒரு வருஷக் கணக்கு கையில் இருக்கும்.