அவர் முறைக்கவே இல்லை

வெளிநாட்டு ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் நின்றவரின் மூச்சு என் பிடரியில் பட்டது. ஓர் அடி முன்னால் நகர்ந்தேன், அவரும் நகர்ந்தார். அவருடைய பை என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்து, திரும்பி முறைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்பதுபோல் திகைத்துப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனதை உறுத்துகிறது. அந்த வரிசையில் முரட்டுத்தனமாக நடந்துகொண்டவர் அவர் இல்லை.

ஆளுக்கு ஆள் விடும் இடைவெளி பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களிலேயே விரிவாக எழுதிவிட்டார். 2017இல் வெளியான, 42 நாடுகளை ஒப்பிட்ட ஆய்விலும் அதுதான் தெரிந்தது. முன்பின் தெரியாதவரிடமிருந்து அதிகம் தள்ளி நிற்க விரும்பியவர்கள் ருமேனியாக்காரர்கள். மிக நெருங்கி நிற்பதில் சங்கடப்படாதவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள்.

பேச்சும் அப்படித்தான். குறுக்கே பேசுவது சிலருக்கு அவமதிப்பு, சிலருக்கு ஆர்வத்தின் அடையாளம்.

அப்புறம், சத்தமில்லாத சண்டை பயணியின் கண்ணில் படுவதே இல்லை. மிகப் பணிவாகச் சொன்ன ஒரு வரி, வேண்டுமென்றே தராத ஒரு பதில், இதெல்லாம் எங்கே வலிக்கும் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். நமக்கோ, என்ன தன்மையான மனிதர்கள் என்று தோன்றுகிறது. சத்தமாகப் பேசுகிறார்கள் என்பதற்காக ஒரு ஊரையே முரட்டு ஊர் என்று சொல்லிவிட்டு வருகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.