ஸ்தூபிக் குன்றுக்கு ஒன்பது பேர்

"கூட்டம் இருக்கக் கூடாது, சுற்றிலும் கடல் வேண்டும், ஏறுவதற்கு ஒரு மலை வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும்." ஒரு நாள் பயணத்துக்கான நான்கு நிபந்தனைகளையும் மூன்றாவது மாடி மாமா விரல் மடக்கிச் சொன்னார். மும்பை செம்பூரின் செட்டா நகரில் எங்கள் கட்டடத்திலிருந்து கிளம்பிய ஒன்பது பேருக்கும் மலையேற்ற அனுபவம் என்றால் அங்கேயே இருக்கும் முருகன் கோவிலின் 108 படிகள்தான். ஆனால் பேச்சு அந்தமானிலிருந்து தொடங்கியது.

அந்தமான் ஆசை எனக்கும் உண்டு. வடக்கே திக்லிபூர் பக்கம் சாடில் சிகரம் இருக்கிறது. 732 மீட்டர், அந்தமான் தீவுகளிலேயே உயரமானது. வனத்துறை அனுமதியோடு காட்டுக்குள் ஏற வேண்டும். அங்கே கூட்டம் சேராததற்குத் தூரம்தான் காரணம். விமானம் போர்ட் பிளேரில் இறக்கிவிட்ட பிறகும் ஒரு நாள் பயணம் பாக்கி இருக்கும். ஒரு நாள் லீவுக்காரர்களுக்கு அது கட்டாது.

அடுத்து மும்பைக்குத் தெற்கே அலிபாக் கடலில் நிற்கும் குலாபா கோட்டை. கடல் வற்றியிருக்கும்போது நடந்தே போய்விடலாம் என்பது அதன் அழகு. போன வருடம் வற்றும் நேரத்தை நான் தப்பாகக் கணக்குப் போட்டு, எல்லோரையும் இரண்டு மணி நேரம் கரையில் நிறுத்திவைத்தேன். அதை யாரும் மறக்கவில்லை. தவிர, அங்கே நடை உண்டு, ஏற்றம் கிடையாது.

"எலிபண்டா" என்றேன். மும்பைக் கரைக்கு எதிரே இருக்கும் குகைக்கோவில் தீவு அது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அங்கே குரங்கையும் கூட்டத்தையும் தவிர என்ன இருக்கிறது?" என்றார் மாமா.

அவர் சொன்னதில் பாதி உண்மை. படகில் வருகிறவர்கள் கடைகளுக்கு நடுவே சுமார் 120 படிகள் ஏறி, பெரிய குகையைப் பார்த்துவிட்டு, சோளக்கதிர் தின்றபடி இறங்கிவிடுகிறார்கள். அந்தத் தீவில் இரண்டு குன்றுகள், நடுவே ஒரு பள்ளம். கிழக்கே இருக்கும் ஸ்தூபிக் குன்றுதான் உயரம், 173 மீட்டர். அங்கே போகிறவர்கள் குறைவு. ஆகவே நாங்கள் தேட வேண்டியிருந்தது வேறு தீவை அல்ல, சரியான கிழமையை. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. சனி, ஞாயிறு சொல்லவே வேண்டாம். ஜனவரியில் ஒரு புதன்கிழமை, காலை முதல் படகு என்று முடிவானது.

மாமிக்கு மட்டும் பயம். 2024 டிசம்பரில் இதே வழியில் நடந்த படகு விபத்தை அவர் மறக்கவில்லை. கேட்வே ஆஃப் இந்தியாவில் புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியவர், ஒரு மணி நேரம் கழித்துத் தீவின் கரையில் கால் வைத்த பிறகுதான் கழற்றினார்.

படிகளில் கடைக்காரர்கள் அப்போதுதான் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய குகைக்குள் நாங்கள் ஒன்பது பேர்தான். வழிகாட்டி தேவைப்படவில்லை, மாமி இருந்தார். கல்யாணசுந்தரர், கங்காதரர், அர்த்தநாரீசுவரர், கயிலையை அசைக்கும் ராவணன் என்று வீட்டுப் பிள்ளைகளை அறிமுகப்படுத்துவது போல் சொல்லிக்கொண்டே வந்தார். கால் உடைந்த நடராஜர் முன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஆறு மீட்டர் உயர சதாசிவ மூர்த்தியின் முன் மாமாவும் வாயை மூடிக்கொண்டார். அரை மணி நேரம் என்று நினைத்தது ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.

மற்ற குகைகளைத் தாண்டி, பள்ளத்தைச் சுற்றிக் கிழக்கே திரும்பியதும் பாதை ஒற்றையடியானது. புளியமரம், மாமரம், புங்கமரம், காய்ந்த புல். சீதாபாய் குகை என்று அழைக்கப்படும் ஆறாவது குகையின் வாசலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தது என் தவறு. ஒரு குரங்கு நிதானமாக வந்து, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அதே நிதானத்தோடு போயிற்று. மீதி வழி முழுக்கத் தயிர்சாதத்தை மாமா மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

உச்சியில் பிரமாதமாக எதுவும் இல்லை. பழைய பௌத்த ஸ்தூபியின் செங்கல்லை மூடிய ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் எதிரே நவசேவா துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள், வடக்கே கடலைக் கிழித்துக்கொண்டு போகும் அடல் சேது பாலம். இத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் கிடக்கும் இந்தத் தீவின் ஊர்களுக்குக் கடலடிக் கேபிளில் மின்சாரம் வந்தது 2018இல்தான். விறகுக் கட்டோடு தீவின் மோராபந்தர் ஊர்ப் பக்கம் இறங்கிய இரண்டு பெண்களைத் தவிர வேறு யாரையும் அங்கே நாங்கள் பார்க்கவில்லை. தயிர்சாதத்தை ஒன்பதாகப் பங்கிட்டோம்.

பன்னிரண்டரைக்குத் திரும்பும்போது படிகளில் கால் வைக்க இடமில்லை. எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. "குகைக்கு அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா சார்?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

மாமா எங்களை ஒரு பார்வை பார்த்தார். "ஒன்றும் இல்லை சார், வெறும் குரங்குதான்."