சேலைப் படத்துக்குச் சில வரி சிஎஸ்எஸ்

வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சேலைக் கடைகளுக்கு வருபவர்கள் முந்தானையை விரித்து, சரிகையைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே விலை கேட்பார்கள். இணையத்தில் தொட்டுப் பார்க்க வழியில்லாததால், அந்த வேலையைப் படமே செய்ய வேண்டும். அத்தகைய கடை ஒன்றுக்கு இணையத்தளம் அமைத்தபோது, சுட்டி மேலே வந்தால் சேலைப் படம் பெரிதாகும் வசதிக்கு, ஆயத்தச் செருகுநிரல்களைத் தவிர்த்து, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் நானே எழுதிய நிரலைப் பயன்படுத்தினேன்.

சேலைப் படத்தை ஒரு சட்டகத்துக்குள் வைத்து, அதற்கு ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ என்று கொடுத்தால், படம் பெருத்தாலும் சட்டகத்துக்கு வெளியே வழியாது. சுட்டி மேலே வரும்போது ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பண்பில் அளவை 1.6 மடங்காக்கி, அம்மாற்றம் 0.3 செக்கனில் நிகழுமாறு ‘டிரான்சிஷன்’ பண்பில் குறித்தால் படம் இதமாகப் பெரிதாகும். படத்தின் அகலத்தையே மாற்றியும் இதைச் செய்யலாம். ஆனால் அப்போது உலாவி அசைவின் ஒவ்வொரு சட்டத்துக்கும் (ஃபிரேம்) பக்கத்தின் தளக்கோலத்தை (லேஅவுட்) மீண்டும் கணக்கிட நேர்வதால், செக்கனுக்கு 60 சட்டங்கள் என்ற ஓட்டம் பழைய கணினிகளில் தடுமாறும்.

கரையைப் பார்க்க விரும்புபவருக்குச் சேலையின் நடுப்பகுதி பெரிதாகி என்ன பயன்? சுட்டி நிற்கும் இடமே பெரிதாக வேண்டும்; இதற்கு மட்டும் உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் சிறிது தேவைப்பட்டது. 400 பிக்சல் அகலச் சட்டகத்தில் சுட்டி இடமிருந்து 100ஆவது பிக்சலில் நின்றால், பெரிதாக்கத்தின் மையம் 25 சதவீதத்துக்கு நகரும். உயரத்துக்கும் அதே கணக்குத்தான். 400 பிக்சல் 1.6 மடங்காவதால் மூலப் படம் குறைந்தது 640 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும், பிக்சல் அடர்த்தி இரு மடங்கான திரைகளுக்கு 1280 வேண்டும். இல்லாவிட்டால் சரிகை மங்கிப் போகும்.

சுட்டி வரும்வரை படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் விளைவு பல தளங்களில் அழகாகவே இருக்கிறது. என்றாலும் சேலை வாங்குபவரிடம் நிறத்தை ஒரு கணமேனும் மறைப்பது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து.

தொடுதிரையில் சுட்டி இல்லை. விரலால் தட்டினால் பெரிதான படம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே மேற்சொன்ன விதிகளை ‘ஹோவர்’ (சுட்டியை மேலே நிறுத்தும்) வசதியுள்ள சாதனங்களுக்கு மட்டும் என, சாதனத்தின் தன்மைக்கேற்ப விதிகளைப் பிரிக்கும் சிஎஸ்எஸ் நிபந்தனையான மீடியா குவெரியால் வரையறுத்து, கைப்பேசிக்கும் விசைப்பலகைக்கும் படத்தின் மூலையில் ஒரு பொத்தானை வைத்தேன். அசைவைக் குறைக்கும்படி தம் சாதனத்தில் தெரிவு செய்தவர்களுக்கு, படம் மெல்ல வளராமல் உடனே பெரிய அளவில் தோன்றும்.