கூலன்ட் நிரம்ப இருக்கிறது, லைட் மட்டும் அணையவில்லை

"வயரிங் ஹார்னஸ் மாத்தணும் சார், அப்படியே வாட்டர் பம்ப்பையும் பாத்திரலாம்." என் காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் நிரம்பியிருந்தும், அது குறைவு என்று எச்சரிக்கும் மீட்டர் போர்டு லைட் அணையாமல் எரிந்ததற்கு மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டர் சொன்ன தீர்ப்பு இது. ஹார்னஸ் என்றால் வண்டியின் வயர்க் கட்டு. டேங்க் மூடியைக்கூட யாரும் தொடவில்லை. ஸ்கேனரைச் சொருகினார்கள், பழுதைக் காட்டும் எரர் கோடு எதுவும் வரவில்லை, எஸ்டிமேட் மட்டும் வந்தது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக 85 கிலோமீட்டர் போனதற்குக் கண்ட பலன் அந்தத் தாள்தான். வயரில் கோளாறே இல்லை. டேங்குக்குள் இருக்கும் மிதவை சுண்ணாம்புப் படிவில் ஒட்டிக்கிடந்தது. இதே லைட்டோடு அல்லாடுகிறவர்கள் ஹார்னஸுக்குக் காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஸ்கேனரில் கோடு வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல கார்களில் கூலன்ட் அளவு சென்சாரின் வயர் நேராக மீட்டர் போர்டுக்குப் போகிறது. இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாதாரண ஓபிடி ஸ்கேனர் இன்ஜினோடுதான் பேசும். சில வண்டிகளில் பி2560 என்ற கோடு வரும். வராவிட்டால் அந்த கம்பெனிக்கென்றே உள்ள ஸ்கேனரில் மீட்டர் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும்.

லைட் பொய் சொல்கிறது என்று முதலில் உறுதியாக வேண்டும். இரவு முழுக்க ஆறிய வண்டி, சமதளம், டேங்கில் உள்ள MIN, MAX குறிகளுக்கு நடுவில் அளவு. டேங்க் பழுப்பேறியிருந்தால் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கறையைக் கூலன்ட் என்று நினைத்து ஏமாறுவது சாதாரணமாக நடக்கும். பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் மட்டும் லைட் வந்து போனால் அளவு நிஜமாகவே விளிம்பில் நிற்கிறது, சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம். அடிக்கடி குறைந்தால் ஹோஸ் முனையில் காய்ந்த கறை, வாட்டர் பம்ப் அடியில் ஈரம், முன் சீட் கால்மிதியில் ஈரம் இவற்றைத் தேடுங்கள். டெம்பரேச்சர் முள் சரியாக நிற்கிறதே என்று மட்டும் ஓட்டாதீர்கள். கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் அந்த சென்சார் காற்றில் நின்றுகொண்டு குறைவாகக் காட்டக்கூடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதை இங்கே நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து சென்சார் எந்த வகை என்று பாருங்கள். ஒன்று, டேங்குக்குள் காந்தம் வைத்த மிதவை; அடியில் குழிக்குள் செருகிய ரீட் சுவிட்ச் (காந்தம் நெருங்கினால் இயங்கும் சுவிட்ச்). மற்றொன்று, கூலன்டிலேயே நிற்கும் இரண்டு உலோகக் குச்சிகள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் பரவலாக இதுதான். குச்சி வகையில் படிவு சேர்ந்தாலே பொய் லைட் வரும்.

ஹார்னஸ் கதையை முடித்துவைக்கும் சோதனைக்கு ஒரு துண்டு வயர் போதும். இரண்டு பின் கனெக்டருக்கு மட்டும் இது. மூன்று பின் என்றால் சப்ளை வரும், கை வைக்காதீர்கள். இக்னிஷன் ஆஃப், கனெக்டரைக் கழற்றி அப்படியே விட்டு, இக்னிஷன் ஆன். லைட்டைக் கவனியுங்கள். மறுபடி ஆஃப் செய்து, வண்டிப் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் வயரால் இணைத்து ஆன் செய்யுங்கள். என் வண்டியில் கழற்றினால் லைட் வந்தது, இணைத்தால் போனது. சில கார்களில் இது தலைகீழ். எப்படியானாலும் லைட் மாறினால் வயரும் மீட்டரும் நல்ல நிலையில் இருக்கின்றன. மாறவே இல்லையென்றால் கனெக்டரில் பச்சைக் களிம்பு, எலி கடி இரண்டையும் பாருங்கள். ஆள் இல்லாத வீட்டு முகப்பில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் எலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் எங்கள் காரைக்குடியில் பச்சைக் களிம்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை!

வயர் தேறிவிட்டால் சென்சார். ரீட் வகையைப் பெரும்பாலும் கூலன்டை வடிக்காமலே அடியிலிருந்து உருவிவிடலாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டு பின்னிலும் முனைகளைப் பிடித்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை சென்சார் நெடுக நகர்த்துங்கள். பீப் வந்து வந்து போனால் சுவிட்ச் உயிரோடு இருக்கிறது. உள்ளே ரெசிஸ்டர் வைத்த சென்சார் பீப் அடிக்காது. ஓம் அளவு மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு அழகாக அடித்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ஸ்டாக் இல்ல, ஆர்டர் போடணும்" என்று இழுத்தடித்த சென்சார் எனக்குத் தேவையே இல்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால் பார்ட் நம்பரை ஒத்துப் பாருங்கள். ஒரே கனெக்டர், ஒரே உருவம், ஆனால் வேலை தலைகீழ் என்று சென்சார்கள் உண்டு. மாட்டினால் நிறைந்த டேங்குக்கும் லைட் எரியும்.

மிச்சம் மிதவை. டேங்கைக் கழற்றும்போது மேலே வரும் சிறு ஹோஸின் பிளாஸ்டிக் மூக்கை இழுக்காதீர்கள், வெப்பத்தில் மொறுமொறுத்துப் போயிருக்கும். வெந்நீர் ஊற்றி, திருகித் திருகி எடுங்கள். உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் போர் தண்ணீர் செய்த வேலை. எங்கள் பக்கம் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குலுக்குங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். மிதவை விடுபட்டால் உள்ளே கடகடவென்று ஓசை கேட்கும். டேங்க் கழன்று கையில் இருக்கும்போது மட்டும் இந்த வைத்தியம்; இன்ஜினுக்குள் ஊற்றிவிடாதீர்கள். நிறைந்த டேங்கிலும் மிதவை அடியிலேயே கிடந்தால் கூலன்டை உறிஞ்சிக் கனத்துவிட்டது, டேங்கையே மாற்ற வேண்டியதுதான்.

கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில். நிரப்புவதும் அதே தண்ணீரும் வண்டிப் புத்தகம் சொல்லும் வகைக் கூலன்டும் பாதிக்குப் பாதி. ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். முற்றத்தில் பிடித்த மழைநீர் குடிக்க நன்றாக இருக்கலாம், ஓட்டுத் தூசியோடு வருவது ரேடியேட்டருக்கு வேண்டாம். கலர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று வேறு கூலன்டைக் கலந்தால் கூழாகி மிதவையை மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றி, ஆறிய பின் குறைந்ததை ஊற்றுங்கள். லைட் உடனே அணையாவிட்டால் பதற வேண்டாம். சில வண்டிகளில் இக்னிஷனை அணைத்துச் சற்று விட்டுப் போட்டால்தான் மீட்டர் புதிதாகப் பார்க்கும்.

எல்லாம் முடிந்த பின் முதலில் செய்த சோதனையில் லைட் எந்த நிலையில் வந்ததோ, அதையே ஒருமுறை செய்து லைட்டை வேண்டுமென்றே வரவழையுங்கள். இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி லைட்டை ஒரேயடியாக அணைத்துவைக்கும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் லைட் எதற்குமே அசையவில்லை என்றால், கனெக்டரிலிருந்து மீட்டர் வரை வயரைத் தடவி அந்த டேப்பைத் தேடுங்கள்.